வட்டத்தில் முதல் ஆள்

"ஒரு லெட்டர் அடிக்கணும்மா," என்று பத்மநாபன் வந்து நின்றார். "கேன்சல் லெட்டர். பேர் வர்ற இடத்தை மட்டும் காலியா விட்டுரு. பத்து நிமிஷத்துல பேர் சொல்றேன்."

வடிவு மெஷினில் தாளைச் செருகினாள். மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். அவர் கண் முழுக்கத் தன் கையிலிருந்த மனுவின் மேலேயே இருந்தது.

கேன்சல் என்றால் என்ன என்று குசைஸில் கம்பெனி ஆட்கள் தங்குகிற கேம்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விசாவை ரத்து செய்து, கம்பெனி பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிற பாஸ்போர்ட்டை ஏர்போர்ட் வாசலில் வைத்துக் கையில் கொடுத்து, பம்பாய் பிளேனில் ஏற்றிவிடுவார்கள். ஒரு லெட்டர், ஒரு கையெழுத்து, கலாஸ், முடிந்தது. அந்த வருஷம், எழுபத்தேழில், வடிவு அப்படிப்பட்ட லெட்டர் ஒன்பது அடித்திருந்தாள். ஒன்பது பேரின் பெயரும் அவளுக்கு இன்னும் மனப்பாடம்.

பத்மநாபன் ஹார்லோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெர்சனெல் ஆபீசர். திருச்சிக்காரர். வெயில் நூற்றுப் பதினெட்டு அடித்தாலும் டை கட்டாமல் வரமாட்டார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்காரர்களுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருவார். ஆனால் அமெரிக்கக்காரன் ஒன்று கேட்டால், கேட்காத இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய் வைக்கிற ஆள். வடிவுக்கு அவரைக் கண்டாலே எரியும்.

அவர் மனுவை அவள் மேசைமேல் விரித்தார். "நீயும்தான் பி.ஏ. படிச்சிருக்கே. இதைப் பாரு. மேல இங்கிலீஷ். கீழ அறுபத்திரண்டு பேர் கையெழுத்து. ஆனா வரிசையா போடலை. வட்டமா போட்டிருக்கான். யார் முதல்ல போட்டான், யார் கடைசியில போட்டான்னு தெரியக்கூடாதாம். எவனோ விஷயம் தெரிஞ்சவன் சொல்லிக் கொடுத்திருக்கான்."

"அப்படியா ஸார்," என்றாள் வடிவு.

அந்த வட்டத்தைப் போட்டது அவள்தான். கேம்பில் சோறு தின்கிற அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தாள். போன வெள்ளிக்கிழமை ராத்திரி.

ஹார்லோ கம்பெனியின் யார்டு குசைஸைத் தாண்டி, சார்ஜா எல்லையில் வெறும் மணலுக்கு நடுவில் இருந்தது. கேஸ் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாய்களுக்குத் தார் பூசி அனுப்புகிற வேலை. ஐந்து கொப்பரைகளில் தார் இரவும் பகலும் கொதித்தபடி இருக்கும். அடுப்பு அணைந்தால் தார் பாறையாக இறுகிவிடும், உளி வைத்துக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அதனால் டிரைவர் உட்பட முப்பத்தொரு பேர் பகல், முப்பத்தொரு பேர் இரவு. ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பகல்காரன் இரவுக்குப் போகவேண்டும். அந்த மாற்றத்துக்குத்தான் டபுள் டூட்டி. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொப்பரைப் பக்கம் ஏறுகிறவன் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் இறங்குவான். முழுசாக இருபத்து நாலு மணி நேரம்.

போன டபுள் டூட்டியில் இருபத்தோராவது மணி நேரத்தில் வேலுச்சாமி நின்றுகொண்டே தூங்கினான். துழாவுகிற கம்பியைப் பிடித்தபடியே தூங்கினான். பலகை வழுக்கிக் கொதிக்கிற தாரில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். நாலாவது நாள் பத்மநாபன் வந்து வடிவிடம் ஒரு லெட்டர் அடிக்கச் சொன்னார். அது கேன்சல் லெட்டர் இல்லை. உடம்பை ஊருக்கு அனுப்புகிற லெட்டர்.

அந்த லெட்டரை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த போட்டோ கண்ணில் பட்டது. ஹார்லோ கம்பெனியின் முதல் உருக்காலை. பென்சில்வேனியா, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு. ஆலை வாசலில் நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தன் முகத்திலும் தூக்கம் தெளிந்த களை இல்லை.

வடிவுக்கு அந்த வருஷம் நன்றாகத் தெரியும். விருதுநகரில் ஹிஸ்டரி படிக்கும்போது அமெரிக்கா ஒரு தனிப் பேப்பர். அப்பா சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிறவர். அவளும் பத்து வயது வரைக்கும் விடியுமுன்னே கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய் லேபிள் ஒட்டினவள்தான். அந்த வம்சத்திலேயே காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். மற்றப் பிள்ளைகள் ராஜா ராணி கதையை விழுந்து விழுந்து படித்தார்கள். இவள் மட்டும் ரயில் போட்டவன், இரும்பு உருக்கினவன், எட்டு மணி நேர வேலை கேட்டுச் சிகாகோவில் தூக்குக் கயிற்றில் தொங்கினவன் என்று அந்த ஒரு பேப்பரையே கட்டிக்கொண்டு அழுதாள். அதில் ஐந்து மார்க் கேள்வி ஒன்று வரும்: பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் மாறும் நாளில் உருக்காலைக்காரன் இருபத்து நாலு மணி நேரம் தொடர்ந்து நிற்கும் வழக்கத்தை விவரி. அந்த வழக்கத்துக்குப் பெயர் 'லாங் டர்ன்'. அவள் ஐந்துக்கு ஐந்து வாங்கினாள்.

ஐந்து மார்க்குக்கு எழுதினதைக் கண்ணால் பார்ப்பாள் என்று அப்போது நினைக்கவில்லை.

வேலுச்சாமி போன மறு வெள்ளிக்கிழமை, புருஷன் பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு அவளாகவே கேம்புக்குப் போனாள். பாஸ்கர் அதே யார்டில் ஸ்டோர் கீப்பர். வீடு கராமாவில். கேம்பில் அம்மையப்பன் இருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பத்தைந்து வயது, மூன்றாம் நம்பர் கொப்பரை. வேலுச்சாமிக்கு வாய்க்கரிசி போட ஆள் இல்லாத ஊரில் அவன் பெட்டியைக் கட்டி அனுப்பினவர். "அடுத்த டபுள் டூட்டிக்கு ஏறமாட்டோம்னு எழுதிக் குடு தாயி," என்றார் அவர். "பன்னண்டு மணி நேரம் நிக்கிறோம். அதுக்கு மேல ஒரு மணி நேரமும் நிக்கமாட்டோம். அவ்வளவுதான் விஷயம். சுத்தி வளைக்காத."

அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள், கை அடையாளம் தெரியாதிருக்க. முதல் கையெழுத்துப் போட்டவனைத்தான் கம்பெனிக்காரன் பிடிப்பான், அமெரிக்காவில் அப்படித்தான் பேரை எழுதி ஆலை ஆலையாக அனுப்பி வேலை கிடைக்காமல் பண்ணினார்கள் என்று சொல்லி, வட்டமும் போட்டுக் கொடுத்தாள். அது கப்பல்காரர்களின் பழைய தந்திரம். வட்டத்துக்குத் தலை ஏது, வால் ஏது.

ஆனாலும் யாராவது ஒருத்தன் முதலில் பேனாவைத் தொட்டாக வேண்டுமே. யாரும் தொடவில்லை. அம்மையப்பன்தான் தொட்டார்.

இப்போது பத்மநாபன் வட்டத்தைச் சுற்றி விரலால் மெதுவாகப் போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"வா என்கூட," என்றார்.

கிரேடியின் அறை அடுத்த கேபின். யார்டின் மேனேஜர். சிவந்த கழுத்து, முழங்கை வரை தார்ப் பொட்டுகள். தானே இறங்கி வேலை பார்க்கிற ஆள். அவன் தலையைத் தூக்காமல், "யாரென்று தெரிந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"தெரிந்தது ஸார்." பத்மநாபன் மனுவை அவன் முன்னால் வைத்தார். பிறகு வடிவைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "இங்க ஒரு பேருக்கு மேல சின்னதா ஒண்ணு போட்டிருக்கே, அது என்னம்மா?"

அம்மையப்பன் என்ற பெயர். எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதின பெயர். அதன் தலைக்கு மேலே, எறும்பு அளவுக்கு, ஒரு பிள்ளையார் சுழி.

அவர் அதைப் போட்டபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். கண்ணால் பார்த்தாள். பார்த்தும் மனசில் பதியவில்லை. பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரை அது இல்லாமல் அவளே எதையும் தொடங்கினதில்லை. மூச்சு விடுவதை யார் கவனிப்பார்கள்?

"ஏதோ கிறுக்கல் ஸார்," என்றாள்.

"ஒரு தமிழச்சி சொல்ற பதிலா இது?" என்று பத்மநாபன் சிரித்தார். கிரேடியிடம் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். எங்கள் ஜனங்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் இந்தக் குறியைப் போடுவார்கள் ஸார். இது தொடக்கத்தில் மட்டும்தான் வரும். நடுவில் வராது. அறுபத்திரண்டு பெயரில் ஒரே ஒரு பெயருக்கு மேல்தான் இருக்கிறது. முதல் ஆள் இவன்தான்.

கிரேடி குனிந்து அந்தக் குறியையே பார்த்தான். "கெட்டிக்காரத்தனம்," என்றான். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு மனுவின் மூன்றாவது வரியில் விரலை வைத்தான். "ஆனால் இதை எழுதினது அவன் இல்லை. இங்கே எல்லாரும் டபுள் டூட்டி என்கிறார்கள். இதில் 'லாங் டர்ன்' என்று இருக்கிறது. இந்த வார்த்தையை நான் கேட்டே முப்பது வருஷம் ஆகிறது. என் தாத்தா சொல்லுவார். அந்தப் போட்டோவில் இடமிருந்து மூன்றாவது ஆள். இதைச் சொல்கிற ஆள் இந்தப் பாலைவனத்தில் யார்?"

வடிவு போட்டோவைப் பார்க்கவில்லை. தன் செருப்பு நுனியைப் பார்த்தாள். வேண்டாத இடத்தில் படித்த திமிரைக் காட்டின கழுதை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். டபுள் டூட்டி என்று எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

"அவனைக் கேட்டால் சொல்லிவிடுவான் ஸார்," என்றார் பத்மநாபன். "நாளைக்கு ராத்திரி பம்பாய் பிளேன். ஏர்போர்ட்டில் வைத்துக் கேட்கலாம். சொன்னால் திரும்பக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஆசை காட்டினால் போதும்."

"லெட்டரைத் தயார் பண்ணுங்கள். மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்," என்று கிரேடி சாவியை எடுத்தான். தேராவில் அவனுக்கு மீட்டிங்.

திரும்ப வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்மநாபன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். காலியாக விட்ட இடத்தில் வடிவு அம்மையப்பன் பெயரை அடித்தாள். ஒவ்வொரு அடியும் காதில் விழுந்தது.

"மனுவையும் லெட்டரோட சேர்த்து பைல்ல வை. ஜெராக்ஸ் எடுக்க ஹெட் ஆபீஸ்தான் போகணும், அதை அப்புறம் பாத்துக்கலாம்." கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. மத்தியானம் எல்லா ஆபீசும் அடைக்கிற நேரம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு மூன்று மணிக்கு வருவார். "வீட்டுக்குப் போகலையா நீ?"

"கொஞ்சம் டைப்பிங் பாக்கி ஸார்."

கார் போன தூசி அடங்குகிற வரைக்கும் அவள் அசையவில்லை. பிறகு பைலைத் திறந்தாள்.

பாஸ்கர் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் கேரியரை மூடியபடியே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"அன்னைக்கே சொன்னேன். வேண்டாம் வடிவு, வந்த இடத்துல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருப்போம்னு."

"வேலுச்சாமி வாயை வச்சுக்கிட்டுச் சும்மாதான் இருந்தான்."

"இப்ப என்ன பண்ணப் போறே? நான்தான் எழுதினேன்னு போய் நிக்கப் போறியா? நின்னா அம்மையப்பன் அண்ணனை விட்டுருவானா? உன்னையும் அனுப்புவான், அவரையும் அனுப்புவான். கூட என்னையும்."

அதுதான் உண்மை. அவள் வாயைத் திறந்தாலும் முதல் ஆள் முதல் ஆள்தான். அந்த எறும்பு அளவுச் சுழியைச் சுரண்டி எடுக்கலாம். தாள் கிழியும். பத்மநாபன் பார்த்துவிட்டார், கிரேடியும் பார்த்துவிட்டான். மனுவையே கொளுத்தலாம். பெயர் லெட்டரில் ஏறிவிட்டது.

"அவர்கிட்டயே சொல்லணும்," என்று எழுந்தாள். "அவர் தலையைப் பத்தின விஷயம். அவருக்குத் தெரியாம நான் எதையும் பண்ணமாட்டேன்."

"மனுவை எதுக்கு எடுக்கிறே? ஏய்."

அவள் மனுவை டிபன் கேரியருக்கு அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

பகல் ஷிப்ட்காரர்கள் குழாய் அடுக்கின நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொரு பேர். முகத்திலெல்லாம் தார் ஆவி ஏறிக் கறுத்து, கண் மட்டும் சிவப்பாக இருந்தது. ஆபீஸ் பொம்பளை யார்டுக்குள் நடந்து வருவதைப் பார்த்ததும் பாதிப் பேர் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டார்கள்.

அம்மையப்பன் எழுந்து வந்தார். வடிவு சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். லெட்டர் அடித்தாயிற்று, அடித்தது நான்தான், மூன்று மணிக்குக் கையெழுத்து, நாளைக்குப் பிளேன், காட்டிக் கொடுத்தது நீங்கள் போட்ட சுழி.

அவர் மனுவை வாங்கிப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "கை தானா போட்டுருச்சு."

"நானும் பார்த்தேன் அண்ணாச்சி. பார்த்துட்டு சும்மா இருந்தேன்."

"நீ என்ன பண்ணுவ தாயி. கேட்டா நான் சொல்லமாட்டேன். அது ஒண்ணு மட்டும் நிச்சயம். ஏர்போர்ட்ல வச்சுக் கேட்டாலும் சரி, எங்க வச்சுக் கேட்டாலும் சரி."

"நீங்க சொல்லுவீங்கன்னு பயந்து நான் வரலை," என்றாள் வடிவு. கோபம் வந்தது. "நீங்க போனா நாளைக்குக் காலையில இந்த முப்பது பேரும் டபுள் டூட்டிக்கு ஏறுவாங்க. அதுக்காக வந்தேன். முதல் ஆளைத் தூக்கிட்டா மிச்ச ஆள் தானா ஏறுவான். நூறு வருஷமா இதைத்தான் பண்றான் இந்தக் கம்பெனிக்காரன்."

சிலர் அம்மையப்பனைப் பார்த்தார்கள். சிலர் சோற்றைப் பார்த்தார்கள். சோற்றைப் பார்த்தவர்களைக் கண்டுதான் வடிவு பயந்தாள்.

லாரி நிழலில் பீடி பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் நெய்னா முகம்மது. கீழக்கரைக்காரர். அந்த ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் காக்கா, அண்ணன். பிக்கப் டிரைவர். அவரும் அறுபத்திரண்டில் ஒருத்தர். பீடியைக் காலில் போட்டு மிதித்துவிட்டு வந்து மனுவை எட்டிப் பார்த்தார்.

"இதான் அந்தச் சுழியா? இது போட்டவன் முதல் ஆளா?"

"ஆமா."

"எங்க வீட்ல எதை எழுதினாலும் மேல எழுநூத்தி எண்பத்தாறு போடுவோம். நான் அதைப் போட மறந்துட்டேன்." கையை நீட்டினார். "பேனாவைக் குடும்மா. மறந்ததைப் போட்டுக்கிறேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. நெய்னா விளையாடவில்லை என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"காக்கா, நல்லா யோசிச்சுக்குங்க," என்றாள் வடிவு. "மறைக்கிறதுக்கு இல்லை இது. காலையில அவன் கண்ணால பார்த்துட்டான். இப்ப போட்டா, நீங்களும் முதல் ஆள்னு நீங்களே சொல்ற மாதிரி. பேர் ஏறினா ஏறினதுதான்."

"நான் என்ன அழிச்சு எழுதவா கேக்கிறேன்?" என்று நெய்னா தன் பெயருக்கு மேலே 786 என்று தெளிவாகப் போட்டார். போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "என்னப்பா, அம்மையப்பனை மட்டும் பிளேன்ல உக்கார வச்சா அந்த ஆளுக்குப் பேச்சுத் துணை வேணாமா?"

ஒருத்தன் எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து தன் பெயருக்கு மேலே சுழி போட்டான். அடுத்து இன்னொருத்தன். கன்னியாகுமரிப் பையன் சூசை ஒரு சிலுவை போட்டான். கைநாட்டு வைத்த மூன்று பட்டாணியருக்கு விஷயத்தை நெய்னா இந்தியில் சொன்னார். அவர்களுக்குச் சுழியும் தெரியாது, எழுத்தும் தெரியாது. "அச்சா," என்று கட்டைவிரலை நீட்டினார்கள். மை இல்லை.

பாஸ்கர் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஸ்டோர் பக்கம் நடந்தான். வரும்போது கையில் ஸ்டாம்ப் பேடு இருந்தது. மூன்று பேரும் தங்கள் கைநாட்டுக்கு மேலேயே இன்னொரு கைநாட்டு வைத்தார்கள்.

நாலு பேர் மட்டும் எழவில்லை. வடிவு அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அம்மையப்பனும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது. அந்த நாலு பேரில் மூத்தவன், போகிற போக்கில், "சனியனே, குடு இங்க," என்று பேனாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனான். மற்ற மூன்று பேரும் அவன் பின்னாலேயே வந்து போட்டார்கள்.

மணி ஒன்று. கேம்பில் தூங்குகிற இரவு ஷிப்ட்காரர்கள் பாக்கி. முப்பத்தொரு பேர்.

நெய்னா மனுவை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். "ரெண்டரைக்குள்ள கொண்டாந்துருவேன்."

"வராட்டி?"

"வராட்டி டயர் பஞ்சர்னு நினைச்சுக்க. அதுக்கு மேல கெட்டதா ஏன் நினைக்கிறே?"

வடிவு மேசைக்குத் திரும்பினாள். பைலில் லெட்டர் மட்டும் இருந்தது. மனு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஏசி இரைந்தது. ஒரு மணி நேரமும் இருபது நிமிஷமும் அவள் ஒரு தாளைக்கூட மெஷினில் செருகவில்லை. இரண்டரை ஆயிற்று. பிக்கப் வரவில்லை. இரண்டு நாற்பதுக்கு ஒரு கார் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தாள். பத்மநாபன்.

அவர் முகம் கழுவிப் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். "லெட்டர் ரெடிதானே? பைலைக் குடு."

"அடியில ஒரு வரி தப்பா விழுந்துருச்சு ஸார். திரும்ப அடிச்சுத் தர்றேன்."

"தப்பா? நீயா?" ஆச்சரியப்பட்டார். "சீக்கிரம் அடி."

அவள் தாளைச் செருகினாள். இரண்டு விரலால் தட்டினாள். தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவள் டைப் அடித்ததில்லை. அம்மையப்பன் என்ற பெயருக்கு வந்தபோது வாசலில் நெய்னா நின்றார். கையில் குடிதண்ணீர்க் கேன். அதை உள்ளே கொண்டுவந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். கேனுக்கு அடியில் மடித்த தாள்.

"தூங்குறவனை எழுப்புறதுதான் கஷ்டமாப் போச்சு," என்று பொதுவாகச் சொன்னார்.

"எவனை?" என்றார் பத்மநாபன்.

"தண்ணி லாரிக்காரனை ஸார்," என்று போய்விட்டார். தண்ணீர் எடுக்கக் குனிந்த சாக்கில் வடிவு அந்தத் தாளை எடுத்து, அடித்து முடித்த லெட்டரோடு பைலில் வைத்தாள்.

மூன்று மணிக்குக் கிரேடி வந்தான். பத்மநாபன் பைலோடு உள்ளே போனார். வடிவையும் கூப்பிட்டார், திருத்தம் ஏதும் இருந்தால் எழுதிக்கொள்ள.

கிரேடி லெட்டரைப் படித்தான். பேனாவைத் திறந்தான். "அந்தக் குறியை இன்னொரு தடவை காட்டுங்கள்," என்றான். பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது போலும்.

பத்மநாபன் மனுவைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றார்.

வட்டம் முழுக்கச் சுழி. நடுநடுவே 786. சிலுவைகள். ஒரு கைநாட்டின் தலையில் இன்னொரு கைநாட்டு. ஒரு பெயரும் மொட்டையாக இல்லை.

"ஸார், காலையில் ஒன்றுதான் இருந்தது. நீங்களே பார்த்தீர்கள்."

"பார்த்தேன்," என்றான் கிரேடி. பேனாவைக் கீழே வைத்தான். வட்டத்தைச் சுற்றி விரலால் போனான். ஒரு சுற்று முழுதாகப் போனான். விரல் எங்கேயும் நிற்கவில்லை. "காலையில் ஒரு முதல் ஆள் இருந்தான். இப்போது அறுபத்திரண்டு பேர். இதைத்தான் சொல்கிறார்கள், இல்லையா?"

பத்மநாபன் டையைத் தளர்த்தினார்.

"புது ஆட்களைக் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்?"

"பம்பாயிலிருந்து... ஆறு வாரம் ஸார்."

"நாளைச் சாயங்காலம் கொப்பரை அணைந்தால்?"

பதில் ஜன்னல் வழியாகவே தெரிந்தது. ஐந்து கொப்பரைகள், ஐந்து புகை.

கிரேடி போட்டோவைப் பார்த்தான். "அந்த ஆலையிலும் மனுக் கொடுத்தார்கள்," என்றான். "பதினோரு பேரை வெளியே தள்ளினார்கள். மற்றவர்கள் மறுநாள் காலையில் வேலைக்குப் போனார்கள். என் தாத்தாவும் போனார். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் அந்த லாங் டர்ன் நடந்தது. சாகும்வரை அன்றைய காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவர்." குரலில் இரக்கம் ஒன்றும் இல்லை. கணக்குப் போடுகிறவனின் குரல்தான். "செப்டம்பர் வரைக்கும் டபுள் டூட்டி இல்லை. ஷிப்ட் மாறும்போது ஸ்டோரிலிருந்தும் கிரேனிலிருந்தும் ஆள் எடுத்து நடுவில் போடுங்கள். செப்டம்பரில் பார்க்கலாம்."

லெட்டரை மேசை டிராயருக்குள் போட்டான். கிழிக்கவில்லை. வடிவு அதைக் கவனித்தாள்.

"இன்னொன்று," என்றான். "இந்தத் தாள் இந்த ஆபீஸைவிட்டுத் தானாக நடந்து போகவில்லை. யார் கொண்டுபோனது?"

பத்மநாபன் திரும்பினார். அவளையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வந்தது. ஹிஸ்டரி, விருதுநகர், அமெரிக்கப் பேப்பர்: அவளுடைய பைலை மனசுக்குள் புரட்டுகிறார் என்று வடிவுக்குத் தெரிந்தது. அவர் வாயால் அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான்," என்றாள் இங்கிலீஷில். "எழுதினதும் நான்தான். என் புருஷனுக்கு இதில் சம்பந்தம் இல்லை."

கிரேடி தலையை ஆட்டினான். முன்னமே தெரிந்ததுபோல. "உன் புருஷன் இருக்கட்டும். ஸ்டோருக்கு ஆள் வேண்டும். நீ நாளையிலிருந்து வர வேண்டாம். கேம்புப் பக்கமும் வரக்கூடாது." பிறகு பத்மநாபனிடம், "லெட்டர் அடிக்க வேறு ஆள் இருக்கிறதா?" என்றான்.

வேறு ஆள் இல்லை.

வடிவு வெளியே வந்து மெஷினில் தாளைச் செருகினாள். மூன்று தாள், இரண்டு கார்பன். பத்மநாபன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத் தன் வேலையைத் தானே முடித்து வைக்கும் லெட்டரை அடித்தாள். "ஏம்மா இப்படிப் பண்ணினே," என்று ஒரு தடவை கேட்டார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அவள், "அடுத்த வரி சொல்லுங்க ஸார்," என்றாள்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. கேம்புக்குப் போகிற லாரியில் ஏற ஆட்கள் வரிசையாக வந்தார்கள். வடிவு கேரியரைத் தூக்கிக்கொண்டு பாஸ்கருக்காக வாசலில் நின்றாள். இனி இந்த வாசலில் நிற்கமாட்டாள். டிராயருக்குள் அந்த லெட்டர் கிடக்கிறது, தேதி மாற்றினால் போதும். செப்டம்பருக்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை.

அம்மையப்பன் வரிசையிலிருந்து விலகி அவளிடம் வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"தாயி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஏறுறோம்ல. எத்தனை மணிக்கு இறங்கணும்?"

"ஆறு மணிக்கு."

"எந்த ஆறு?"

"சாயங்காலம் ஆறு."

அவர் தலையை ஆட்டினார். லாரியில் ஏறிப் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி திரும்புகிற வரைக்கும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.